கால் முளைத்த பலகை

மனித குலத்தை இன்றுவரை கட்டிக் காத்துவருவது தண்டனை அல்ல, எச்சரிக்கை. வானம்கூட இடித்துவிட்டுத்தான் பெய்கிறது. பாம்புகூடச் சீறிவிட்டுத்தான் கொத்துகிறது. இயற்கையே இத்தனை நாகரிகமாக நடந்துகொள்ளும்போது, ஏரிக்கரையில் தூண்டிலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரண மனிதனுக்கு எடுத்த எடுப்பிலேயே அபராதம் போடுவது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்வியை மீன்வளத் துறைத் தலைமை அலுவலகத்தின் கூட்ட அறையில் எழுப்பிவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார் ஏரி ஆய்வாளர். அவருடைய சீருடையின் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. கழற்றி வைத்த தொப்பி மேசைமேல் ஒரு சிறு நினைவுச் சின்னம்போல் வீற்றிருந்தது. கைதட்டல் ஒன்று எழுந்தது. ஒன்றுதான். கதவோரம் நின்றிருந்த துறைப் படகோட்டி தட்டியது. ஆய்வாளரின் ஜீப்பில்தான் அவர் திரும்பிப் போக வேண்டியிருந்தது.

இந்த மாபெரும் தத்துவத்துக்கு ஆய்வாளரிடம் இருந்த ஆதாரம் ஒரே ஓர் ஆள். புதன்கிழமைதோறும் அவரால் முறைப்படி எச்சரிக்கப்பட்டு, அடுத்த புதன்கிழமை கொஞ்சமும் கூசாமல் அதே குற்றத்தைச் செய்துவந்த ஆள். அந்த ஆள் அவருடைய மனைவி. இரண்டு வருடமாக அவள் அவரோடு இல்லை.

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய இயக்குநருக்கு எச்சரிக்கை என்றாலே ஆகாது. அவர் முன்னால் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புக் கருவி இருந்தது. பொத்தானை அழுத்தினால் ‘பீப்’ என்று கூவி, அபராதச் சீட்டை நாக்கு மாதிரி வெளியே நீட்டும். காலையிலிருந்து அதை வெற்றுச் சீட்டாகத் துப்ப வைத்து ரசித்துக்கொண்டிருந்தார். மேசைக்கடியில் ஒரு சின்னக் குப்பைமேடே சேர்ந்துவிட்டது.

“எச்சரிக்கைன்னா என்னங்க? இலவசம்,” என்றார் இயக்குநர். “இலவசமா கிடைக்கிறதுக்கு எவன் மரியாதை குடுப்பான்? ஃபைன் போடுங்க. தடைக்காலம் முடியிற வரைக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. தன்னால திருந்துவான்.”

“திருந்துவான் சார். ஆனா வரமாட்டான்.” ஆய்வாளரின் குரல் லேசாக இடறியது.

“வரலைன்னா நமக்கென்ன?”

ஆய்வாளரிடம் இதற்குப் பதில் இருந்தது. கூட்ட அறையில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை. மறுபடியும் டம்ளரை எடுத்தார். அது காலியாக இருந்தது. காலி டம்ளரிலிருந்தே ஒரு மிடறு குடித்து வைத்தார்.

முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அபிப்பிராயம் கேட்பது ஒரு மரியாதைக்கு. மாதம் பிறந்ததும் எச்சரிக்கை ஒழியும், கருவி வரும். ஆனாலும் பாம்பு உவமை இயக்குநரை எங்கேயோ தொட்டிருக்க வேண்டும்.

“இவ்வளவு உருக்கமா பேசுறீங்க. அதனால நானே நேர்ல வந்து பார்க்கிறேன். எச்சரிக்கையால திருந்துன ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, போதும். புதன்கிழமை வர்றேன்.”

“புதன்கிழமையா சார்? வியாழக்கிழமை வந்தா கரையெல்லாம் கொஞ்சம் சுத்தமா...”

“புதன்.”

ஜீப்பில் பாதி வழி வரை படகோட்டி வாயைத் திறக்கவில்லை. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

“உங்க வீட்டம்மா வர்ற நாளாச்சே சார்.”

“எனக்குத் தெரியாதா?”

“இல்ல, பலகையும் அங்கதான் நிக்குது. நம்ம பலகைக்குத்தான் கால் முளைச்சிடுச்சே. அதை நெனச்சேன்.”

“ரோட்டைப் பார்த்து ஓட்டுய்யா.”

“ஓட்டுறது நீங்கதான் சார்.”

ஆய்வாளர் ரோட்டைப் பார்த்தார்.

*

அவள் போனதற்குக் காரணம் அவருக்கு நெடுநாள் பிடிபடவில்லை. குடியில்லை, அடியில்லை, சம்பளக் கவர் பிரிக்கப்படாமல் வீட்டுக்கு வரும். என்ன குறை? மகள் போனில் சொன்னாள்: “அப்பா, நீங்க வீட்டையும் ஏரி மாதிரியே நடத்துனீங்க.” வேறொரு நகரத்தில் வேலை பார்க்கும் மகள் அவள். அம்மா கட்சி. ஆய்வாளர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்; ஏரி நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

ஆனால் விஷயம் என்னவோ மகள் சொன்னதுதான். ஈரத் துண்டு கட்டிலில் கிடந்தால் முதல் எச்சரிக்கை. குளியலறைக் குழாய் சொட்டினால் இரண்டாவது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் இறுதி எச்சரிக்கை. இறுதி எச்சரிக்கைக்கு அப்புறம் என்ன என்று அவர் யோசித்ததே இல்லை. சட்டத்திலும் அது தெளிவாக இல்லை. ஒருநாள் சாயங்காலம், சமையலறை விளக்கை அணைக்காமல் அவள் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள் என்பதற்காக, படிக்கட்டில் வழிமறித்து நின்று, “இஷ்டம் இல்லைன்னா போயிட்டே இரு” என்றார். அதுவும் அவரைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கைதான்.

மறுநாள் அவர் வேலை முடிந்து வந்தபோது வீடு தெருமுனையிலேயே தெரிந்தது. எல்லா அறைகளிலும் விளக்கு. எல்லா மின்விசிறிகளும் சுற்றிக்கொண்டிருந்தன. குழாய் சொட்டியது. கட்டிலின்மேல், அவர் படுக்கும் பக்கத்தில், பிழியாத துண்டு. அவளைத் தவிர எல்லாம் இருந்தது. அவர் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டி அணைத்துக்கொண்டே வந்து, கடைசி விளக்கையும் அணைத்த பிறகு, இருட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதிலிருந்து அவரிடம் ஒரு பழக்கம் சேர்ந்துகொண்டது. காலையில் கிளம்பும்போது சமையலறை விளக்கைப் போட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்போது தெருமுனையில் அந்த ஒரு ஜன்னல் மஞ்சளாகத் தெரியும். கதவைத் திறந்து உள்ளே போகும்வரை, யாரோ இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவள் ஏரிக்கு அக்கரையில், தன் அக்கா வீட்டில் இருந்தாள். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. விடுமுறையில் என்ன செய்வது என்று தெரியாமல், போனில் வீடியோ பார்த்துத் தூண்டில் போடக் கற்றுக்கொண்டாள். கணவன் மீன்வளத் துறையில் இருந்த இருபது வருடத்தில் அவள் ஏரியில் கால் நனைத்ததில்லை. இப்போது ஒரு மடக்கு நாற்காலியும் தொப்பியும் சகிதம் கரையில் வந்து உட்கார்ந்தாள். பிடிக்கிற மீனைத் திரும்ப விட்டுவிடுவாள். அதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும் என்று படகோட்டி கேட்டதற்கு, “வந்தியா, சரி, போன்னு சொல்றதுல ஒரு சந்தோஷம்” என்றாளாம்.

முதல் புதன்கிழமை, இடம் தெரியாமல், தடைப் பகுதிக்குள் உட்கார்ந்துவிட்டாள். முழுகிக் கிடக்கும் மரத்தைச் சுற்றியிருக்கும் அந்தச் சின்ன வளைவில்தான் கெண்டைகள் முட்டையிடும். தடைக்காலத்தில் அங்கே தூண்டில் போடக் கூடாது. ஆய்வாளர் தூரத்திலிருந்து தொப்பியைப் பார்த்தார். அருகில் வந்த பிறகுதான் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் போயிருக்கலாம், ஆனால் கால் அவர் பேச்சைக் கேட்கவில்லை. வாயும் கேட்கவில்லை. பழக்கத்தில் அது துறையின் எச்சரிக்கை வாசகத்தை ஒப்பிக்க ஆரம்பித்தது.

“தாங்கள் மீன்கள் முட்டையிடும் பகுதியில் தூண்டில் இட்டிருப்பதைக் கனிவுடன் சுட்டிக்காட்டுகிறோம். தங்களுடைய மேலான ஒத்துழைப்பை நாடுகிறோம். புரிந்ததா?”

விதிப்படி, எச்சரிக்கப்பட்டவர் ‘புரிந்தது’ என்று வாய்விட்டுச் சொன்னால்தான் எச்சரிக்கை நிறைவடையும். அவள் சொல்லவில்லை. தக்கையைப் பார்த்தபடியே இருந்தாள். அவள் காது மடல் சிவந்தது.

“முதல் வரி சரியா காதுல விழல. மறுபடி சொல்லுங்க.”

“தாங்கள்...” என்று ஆரம்பித்தார்.

இருபது வருடத்தில் அவர் அவளை ‘நீ’ என்றுதான் அழைத்திருக்கிறார். கோபம் வந்தால் அதுவும் இருக்காது, ‘ஏய்’. அவளைக் ‘கனிவுடன்’ என்று ஒரு சொல்லோடு சேர்த்து அவர் பேசியதே கிடையாது. துறையின் வாசகத்தை எழுதிய எந்தக் குமாஸ்தாவோ, பெயர் தெரியாத அந்த மனிதன், அவருக்காகப் பேசிக்கொண்டிருந்தான்.

“புரிந்தது,” என்றாள் அவள். நாற்காலியை மடக்கினாள். அன்றிரவு ஆய்வாளர் தூங்கவில்லை.

அடுத்த புதன்கிழமை அவள் தடைப் பகுதிக்கு வெளியே, பலகைக்கு இந்தப் பக்கம், சட்டத்துக்குக் கட்டுப்பட்ட குடிமகளாக உட்கார்ந்திருந்தாள். எச்சரிக்கை பலித்துவிட்டது! உலகத்திலேயே எச்சரிக்கையால் திருந்திய ஒரே ஆள், அதுவும் ஒரே வாரத்தில். ஆய்வாளர் உரிமத்தைக் கேட்டார். காட்டினாள். செல்லுபடியாகும் உரிமம். சட்டப்படி மீன்பிடிக்கிறவரிடம் ஓர் ஆய்வாளர் அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தண்ணீரைக் கொஞ்ச நேரம் மேற்பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘மீன்கள் முட்டையிடும் பகுதி – தூண்டில் போடத் தடை’ என்று எழுதியது. ஏரியில் தண்ணீர் ஏறி இறங்கும் என்பதால், நீர்மட்டத்துக்கு ஏற்ப நகர்த்த வசதியாக, பழைய லாரி டயருக்குள் சிமென்ட் கொட்டி அதில் நட்டிருந்தார்கள். சாய்த்துப் பிடித்தால் ஒரே ஆள் உருட்டிவிடலாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், முழு சீருடையில், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, அரசாங்கத்தின் அந்தக் கம்பீரமான பலகையைக் குழந்தை நடைவண்டி தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டு போனார் ஆய்வாளர். அவள் உட்கார்ந்த இடத்துக்கு அந்தப் பக்கமாக நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

புதன்கிழமை அவள் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அந்த இடம் ஒரே இரவில் தடைப் பகுதி ஆகியிருந்தது.

“தாங்கள் மீன்கள் முட்டையிடும் பகுதியில்...”

அவள் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். அப்புறம் அவருடைய கால்சட்டையின் முட்டியில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். “முதல் வரி சரியா காதுல விழல,” என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். ஒவ்வொரு செவ்வாயும் பலகை கொஞ்சம் தள்ளி வந்தது. அவளுக்கு எதுவும் தெரியாது என்று ஆய்வாளர் நம்பினார். மேலதிகாரிகளுக்கு ‘நீர்மட்டத்துக்கு ஏற்ப எல்லை மாற்றியமைக்கப்பட்டது’ என்று தகவல் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரோ இருந்த இடத்திலேயே இருந்தது. வழக்கமாகத் தூண்டில் போடும் பெரியவர்கள் இருவர், இடம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் பிடித்தார்கள். “கெண்டைங்களுக்கு இந்த வருஷம் என்னய்யா இத்தனை ஆசை?” என்று ஒருவர் முணுமுணுத்தார்.

ஆசை கெண்டைகளுக்கு அல்ல என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

*

இயக்குநர் வந்த புதன்கிழமை, ஆய்வாளர் காலையிலிருந்து மழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இடி கூட எச்சரிக்கை தரவில்லை.

அவள் ஏரியின் பம்ப் அறைச் சுவரையொட்டி உட்கார்ந்திருந்தாள். பலகை அவளுக்கு அடுத்து, சுவர்மேல் சாய்ந்துகொண்டு நின்றது. அதற்குமேல் போக இடமில்லை.

இயக்குநர் கீழே எட்டிப் பார்த்தார். கரை முழுக்க சிமென்ட் தளம். “இங்கயா மீன் முட்டை போடுது?”

“போட்டா உடைஞ்சிடும் சார்,” என்றார் படகோட்டி.

ஆய்வாளர் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு சம்பள உயர்வு காணாமல் போயிற்று.

“சரி, எச்சரிங்க. எப்படிப் பண்றீங்கன்னு பார்ப்போம்,” என்றார் இயக்குநர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஆய்வாளர் விறைத்து நின்றார். அடுத்த வாரத்திலிருந்து இந்த வாசகம் கிடையாது என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. ‘தாங்கள்’ என்பதைச் சொல்லி முடிக்கவே நேரமெடுத்தது. ‘கனிவுடன்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். படகோட்டி பின்னாலிருந்து “சுட்டிக்காட்டுகிறோம் சார்” என்று எடுத்துக்கொடுத்தார்.

அவள் இந்த முறை மறுபடி சொல்லச் சொல்லவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அது அந்த வருடத்தில் முதல் தடவை.

“ஏம்மா, இவரு உங்களை எத்தனை தடவை எச்சரிச்சிருக்காரு?” என்று கேட்டார் இயக்குநர்.

“எங்க கல்யாணம் ஆன நாள்லேருந்து சார்.”

பம்ப் அறைக்குள் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. இயக்குநர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் தன் ஷூவைப் பார்த்தார். படகோட்டி ரொம்ப அவசரமாக ஒரு பறவையைக் கவனித்தார்.

“ஓ,” என்றார் இயக்குநர். எதையாவது கேட்க வேண்டுமே என்று, “ஒரு எச்சரிக்கைக்காவது நீங்க கட்டுப்பட்டதுண்டா?” என்றார்.

“ஒண்ணுக்குக் கட்டுப்பட்டேன்.” அவள் தூண்டில் நரம்பை மெதுவாகச் சுருட்டினாள். “இஷ்டம் இல்லைன்னா போயிட்டே இருன்னு ஒரு தடவை சொன்னாரு. அதுக்கு.”

இவ்வளவு நாள் அவர் மேடைமேடையாகத் தேடிய ஆதாரம் அதுதான். எச்சரிக்கை பலிக்கும். சந்தேகமில்லை.

சங்கடத்திலிருந்து தப்பிக்க இயக்குநர் தன் போனை எடுத்தார். போனில் ஏரியின் வரைபடம் இருந்தது. தடைப் பகுதி சிவப்பாக, ஒரு மூலையில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. தாங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி வேறொரு மூலையில். இயக்குநர் போனைத் திருப்பினார். தானும் திரும்பினார். புள்ளி அசையவில்லை.

“இந்தப் பலகை எப்படி இங்க வந்துச்சு?”

“நீர்மட்டத்துக்கு ஏற்ப சார்...” என்றார் ஆய்வாளர்.

“நீர்மட்டம் இவ்வளவு தூரமா போச்சு?”

“நான்தான் சார் காரணம்,” என்றாள் அவள். “நான் வாரா வாரம் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தேன். பலகை எதுவரைக்கும் வருதுன்னு பார்க்கலாம்னு.” பலகையைத் திரும்பிப் பார்த்தாள். “இவ்வளவு தூரம் வரும்னு நான் நினைக்கல.”

ஆய்வாளருக்கு முகம், காது, கழுத்து எல்லாம் ஒருசேரச் சூடேறியது. ஐம்பது வயதுக்குமேல் ஒரு சீருடைக்குள் இவ்வளவு வெட்கம் அடங்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே வந்திருக்கிறாள். தெரிந்தே தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். இதில் எதை முதலில் நினைத்து வெட்கப்படுவது, எதை நினைத்துச் சந்தோஷப்படுவது என்று புரியாமல் தொப்பியைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

வேலை போகும் என்றுதான் எதிர்பார்த்தார். ஆனால் இயக்குநரின் முகத்தில் வேறொரு கவலை படர்ந்துகொண்டிருந்தது. போன மாதம்தான் ஒரு பெரிய கருத்தரங்கில், தன் தலைமையில் மீன்கள் முட்டையிடும் பாதுகாப்புப் பகுதி பல மடங்கு விரிந்திருப்பதாக அறிவித்து, சால்வையும் கேடயமும் வாங்கி வந்திருந்தார். அந்த விரிவு எப்படி ஏற்பட்டது என்று இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

“இது நமக்குள்ள இருக்கட்டும்,” என்றார் தாழ்ந்த குரலில். “நீர்மட்டம் சட்டுனு குறைஞ்சிடுச்சுன்னு ரிப்போர்ட் அனுப்புங்க. பலகையை இன்னிக்கே பழைய இடத்துக்குக் கொண்டு போயிடுங்க.” கிளம்பும்போது கருவியை ஆய்வாளர் கையில் திணித்தார். “இனிமே பேச்சே கிடையாது. பீப். அவ்வளவுதான்.”

பலகையை உருட்டிக்கொண்டு போகும்போது ஆய்வாளர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று முதுகுக்குத் தெரிந்தது. அத்தனை வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்த தூரத்தை ஒரே நாளில் திருப்பிக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம் என்று டயர் சொல்லிக்கொடுத்தது.

*

அந்த வாரம் முழுக்க அவர் கண்ணாடிமுன் நின்று பேசிப் பழகினார். வாசகம் இல்லாமல், சொந்தமாக.

“தாங்கள் வீட்டுக்குத் திரும்பிவருமாறு கனிவுடன்...” சே.

“வந்துடு.” இது உத்தரவு மாதிரி இருந்தது.

“விளக்கு எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகட்டும்.” இது பரவாயில்லை. ஆனால் இதை எப்படி ஆரம்பிப்பது? ஏரிக்கரையில் ஒரு பெண்ணிடம் போய், எடுத்த எடுப்பில் விளக்கைப் பற்றிப் பேசுகிறவனை என்னவென்று நினைப்பார்கள்?

அதுவும் அவள் வந்தால்தான். வந்தாலும் சட்டப்படி வெளியே உட்கார்ந்தால் உரிமம் கேட்கலாம், அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்தால் பீப். அப்புறம் தடைக்காலம் முடியும்வரை ஏரிக்கே வர முடியாது. எப்படிப் பார்த்தாலும் புதன்கிழமை இல்லை. புதன்கிழமை இல்லாத வாரத்தை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு, அணைத்துவிட்டு, மறுபடி போட்டார்.

புதன்கிழமை அவள் வந்தாள். பம்ப் அறையைத் தாண்டினாள். கழிப்பறையைவிட்டுத் தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பியிருந்த பெரியவர்களைத் தாண்டினாள். பலகையின் முன்னால் நின்று, அதில் எழுதியிருந்ததை ஒருமுறை முழுதாகப் படித்தாள். பிறகு அதையும் தாண்டிப் போய், முழுகிய மரத்துக்கு நேர் எதிரே, முதல் புதன்கிழமை உட்கார்ந்த அதே இடத்தில் நாற்காலியை விரித்தாள்.

ஆய்வாளர் அருகே போய் நின்றார். கையில் கருவி வியர்த்தது.

“அங்க வெளிய இடம் இருக்கே.”

“தெரியும்.”

“இது நிஜமாவே தடைப் பகுதி.”

“போர்டு படிச்சேன்.”

“இப்ப எச்சரிக்கை கிடையாது. ஃபைன்தான். போட்டா, சீசன் முடியிற வரைக்கும் நீ... நீங்க இங்க வர முடியாது.”

“அதனாலதான் உட்கார்ந்தேன்.”

இதுதான் முடிவு. முறைப்படி, சட்டப்படி, ரசீதோடு போகிறாள். போன முறை விளக்குகளைப் போட்டுவிட்டுப் போனாள். இந்த முறை அதுவுமில்லை.

“ஃபைன் போடாம விட்டா?” என்றார். துறையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத வாக்கியம் அது.

“அடுத்த புதன்கிழமை வருவேன். நீங்க அந்தத் தொப்பியோட வந்து நிப்பீங்க. அதுக்கடுத்த புதன்கிழமையும் வருவேன். எனக்கு முட்டி வலிக்குதுங்க. போடுங்க.”

பொத்தானை அழுத்தினார். ‘பீப்.’ கருவி நாக்கை நீட்டியது. அவள் சீட்டைக் கிழித்து, பணத்தைக் கொடுத்து, தூண்டிலைச் சுருட்டி, நாற்காலியை மடக்கினாள். கொடுத்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார். கண்ணாடிமுன் பழகியது ஒன்றும் வாயில் வரவில்லை.

“விளக்கு...” என்றார்.

“என்ன விளக்கு?”

“ஒண்ணுமில்ல.”

பலகையைக் கடந்து நாலடி போனவள் திரும்பினாள்.

“எங்க அக்கா வீட்டு வாசல்ல பலகை எதுவும் இல்ல. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வீட்டுலதான் இருப்போம். துறை சார்பா யாரும் வர வேண்டாம்.” கொஞ்சம் யோசித்தாள். “புரிஞ்சுதா?”

விதிப்படி இதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு.

“புரிந்தது,” என்றார் ஆய்வாளர்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அலமாரியைத் திறந்தார். இஸ்திரி போட்ட சீருடைகள் அணிவகுத்து நின்றன. மகளின் பள்ளி விழாவுக்கும், கண் மருத்துவரிடமும், மைத்துனியின் வீட்டுக்கு முன்பு போனபோதும், எல்லாவற்றுக்கும் சீருடைதான். சீருடையில் போனால் ஜனங்கள் நாற்காலி போடுவார்கள் என்பது அவர் கணக்கு. கடைசியில், அணிவகுப்புக்குப் பின்னால் சுருண்டு கிடந்த ஒரு வெளிர்நீலச் சட்டை அகப்பட்டது. கல்யாணமான புதிதில் அவள் வாங்கித் தந்தது. ஒருமுறை போட்டிருக்கிறார். கலர் சட்டை போட்டால் ஆளுக்கு ஒரு கண்டிப்பு இல்லாமல் போகிறது என்று சொல்லி உள்ளே வைத்தது.

இப்போது சிறிதாகிவிட்ட அதை, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துப் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது சமையலறை விளக்கைப் போட்டார். அப்புறம் கூடத்து விளக்கையும் போட்டார். ஒரு நிமிடம் யோசித்து, படுக்கையறை, வாசல், மாடிப்படி என்று எல்லாவற்றையும் போட்டார். பட்டப்பகலில் வீடு மொத்தமும் எரிந்தது. யாராவது கேட்டால் எச்சரிக்கை தரட்டும்.

ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும் சாலையில், ஜீப்பை எடுக்காமல், பஸ்ஸில் போனார். ஜன்னல் வழியே பலகை தெரிந்தது. இருக்க வேண்டிய இடத்தில், யாரும் இல்லாத கரையில், தனியாக நின்றது. அதை இனி செவ்வாய்க்கிழமைகளில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை என்பது ஒரு பக்கம் நிம்மதியாகவும், இன்னொரு பக்கம் என்னவோபோலவும் இருந்தது.

அக்கா வீட்டு வாசலில் நிஜமாகவே பலகை எதுவும் இல்லை. நாய் ஜாக்கிரதை என்றுகூட இல்லை. அழைப்பு மணியை அழுத்தினார். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ ஒருத்தி, “நான் போறேன், நீ இரு அக்கா” என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் இழுத்துப் பிடித்திருந்த மூச்சு, அனுமதி கேட்காமல், வெளியே வந்துவிட்டது.

“யாரு?”

இருபது வருடமாக எந்தக் கதவுக்கு முன்னாலும் “மீன்வளத் துறை” என்று சொல்லியே பழகிய வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

“நான்தான்,” என்றார்.

தாழ்ப்பாள் விலகியது.

சட்டையின் நடுப் பொத்தான்கள் இரண்டும் தெறித்துப் போயிருந்தன.